கருங்கூந்தலுக்கு ஒரே ஒரு பருவம்

கறுப்பு முடியும் கறுப்புக் கண்ணும் உள்ளவர்கள் தங்கம் அணிய வேண்டாம், வெள்ளி அணியலாம். பொன்மஞ்சள் கூடாது. ஆரஞ்சு கூடாது. பழுப்பும் பீஜும் முகத்தைச் சோர்வாகக் காட்டும். கறுப்பு, சுத்த வெள்ளை, நேவி ப்ளூ, நீலம் கலந்த சிவப்பு, எமரால்டு பச்சை, ஐஸ்கட்டி மாதிரி வெளிறிய பிங்க், இவையெல்லாம் உங்களுடையவை. கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1980இல் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்' புத்தகத்தைச் சுருக்கினால், இதை வாசிக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு அது சொல்வது இவ்வளவுதான். தை மாசத்துல ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பழைய புத்தகம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் அது சாகவில்லை. ரீல்ஸில் ஒரு பெண் கன்னத்துக்குக் கீழே கலர் கலராகத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் 'நீ டீப் ஆட்டம்', 'நீ ட்ரூ வின்டர்' என்று தீர்ப்பு சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். சியோலில் இதற்கென்றே ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, சுற்றுலாப் பயணிகள் முன்பதிவு செய்து போகிறார்கள். மொபைலில் ஃபில்டர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஜாக்சன் பிரபலமாக்கிய அந்த நான்கு பருவங்கள்தான். வின்டர், சம்மர், ஸ்ப்ரிங், ஆட்டம். தோலின் அடிச்சாயல் நீலமா மஞ்சளா என்று பார்; முடியையும் கண்ணையும் பார்; உன் பருவம் கிடைக்கும்; அதற்கு 30 நிறங்கள் உண்டு; கடைக்குப் போகும்போது அந்த 30ஐக் கையில் வைத்துக்கொள்.

புத்தகத்தை நான் ஏளனத்தோடு எடுத்தேன் என்பது உண்மை. வாசித்தபோது அது ஏளனத்துக்கு உரியதாக இல்லை. ஜாக்சன் நன்றாக எழுதுகிறார். துணிக்கடை ட்ரையல் ரூமுக்கு வெளியே நின்று, கூட வந்த தோழி பேசுவது போன்ற எழுத்து. அந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் பெருந்திரளாக அலுவலகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். 1977இல் ஜான் மல்லாய் என்பவர் பெண்கள் அலுவலகத்துக்கு என்ன உடுத்த வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டு, ஸ்கர்ட்டும் கோட்டும் சேர்ந்த ஒரு சீருடையைப் பரிந்துரைத்திருந்தார். ஆண்களின் சூட்டைக் கொஞ்சம் வெட்டித் தைத்தது மாதிரி. அதற்குப் பக்கத்தில் வைத்தால் ஜாக்சன் எவ்வளவோ மேல். மேலாளர் என்ன நினைப்பார் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. கண்ணாடியை எடு, ஜன்னல் பக்கம் போ, மேக்கப்பைத் துடை, பகல் வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார் என்று ஆரம்பிக்கிறார். புத்தகத்தின் சிறந்த பகுதி அதுதான். அதற்கு அடுத்து வரும் வகைப்படுத்தலில்தான் என் தகராறு.

முதலில் பிரூனெட் என்ற சொல். பழுப்பு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைச் செல்லமாகக் குறுக்கிப் பெண்ணுக்கு ஆக்கியது அது. தமிழில் இதற்கு ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. நம் ஊர்க் கல்யாண விளம்பரத்தில் உயரம் இருக்கும், படிப்பு இருக்கும், வெட்கமில்லாமல் 'சிவப்பு' என்றும் 'மாநிறம்' என்றும் தோல் நிறம் இருக்கும். முடி நிறம் இருக்காது. எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் ஓட்டுநர் உரிமத்தில் முடி நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ப்ளாண்டுக்கு ஒரு குணம், பிரூனெட்டுக்கு ஒரு குணம் என்று அங்கே கதையே பிரிந்துவிடுகிறது. ஜோன் பென்னட் என்ற நடிகை 1938 வரை ப்ளாண்ட். 'ட்ரேட் விண்ட்ஸ்' படத்துக்காக முடியைக் கறுப்பாக்கினார். அதற்குப் பிறகு அவருக்கு வந்த பாத்திரங்களே வேறு, ஆபத்தான பெண், ரகசியம் வைத்திருக்கும் பெண். கடைசிவரை அவர் திரும்ப ப்ளாண்ட் ஆகவில்லை. முகம் அதே முகம்தான்.

இந்தப் பிரிவினையைச் சுவரும் கதவுமாகக் கட்டியவர் மேக்ஸ் ஃபேக்டர். போலந்திலிருந்து வந்த யூதர், விக் செய்பவர், பிறகு ஹாலிவுட்டின் மேக்கப் மன்னர். 1935இல் ஹைலேண்ட் அவென்யூவில் அவர் திறந்த ஸ்டூடியோவில் நான்கு அறைகள். ப்ளாண்டுகளுக்கு நீல அறை, செம்முடிக்காரர்களுக்குப் பச்சை அறை, பிரூனெட்டுகளுக்கு மங்கிய பிங்க் அறை. நான்காவது அறை 'பிரவுனெட்'களுக்கு, பீச் பழ நிறத்தில். பிரவுனெட் என்ற சொல்லே அவர் உண்டாக்கியதுதான், பிரூனெட்டுக்கும் ப்ளாண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்காக. ஒவ்வொரு அறையையும் ஒரு நட்சத்திரம் திறந்துவைத்தார். ப்ளாண்டுக்கு ஜீன் ஹார்லோ, பிரூனெட்டுக்கு க்ளாடெட் கோல்பர்ட். அந்தக் கட்டிடம் இன்று அருங்காட்சியகம்.

எனக்கு அந்த நான்காவது கதவு பிடிக்கும். பழுப்பு முடிக்குள்ளேயே இரண்டு வகை பார்க்கிற அளவுக்குக் கூர்மையான கண் அது. ஆனால் அந்தக் கண்ணுக்கு ஐந்தாவது கதவு தோன்றவில்லை. எம்ஜிஎம்மில் 1940களில் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகி நடிக்க வந்தபோது, அவருக்கென்று மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 'லைட் ஈஜிப்ஷியன்' என்று ஒரு சாயலைக் கலக்க வேண்டியிருந்தது. பிறகு அதே சாயலை வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, ஹார்ன் நடித்திருக்க வேண்டிய கலப்பினப் பாத்திரங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது ஹார்ன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த கசப்பு. 1951இன் 'ஷோ போட்'டில் ஏவா கார்ட்னர் அப்படித்தான் நடித்தார். நிறம் தயாராகிவிட்டது. அந்த நிறம் உடைய பெண்தான் தேவைப்படவில்லை.

சரி, இந்தக் கருங்கூந்தல், பொன்கூந்தல் ஆலோசனைகளெல்லாம் எங்கே ஆரம்பித்தன என்று பின்னால் போனால், அழகு நிலையத்தில் போய் நிற்கவில்லை. சாயப்பட்டறையில் போய் நிற்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மிஷேல் யூஜின் ஷெவ்ரல் ஒரு வேதியியலாளர். 1786இல் பிறந்து 1889 வரை வாழ்ந்தவர், அதாவது 102 வயது. சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யப் பயன்படும் கொழுப்பு அமிலங்களைப் பற்றிய ஆராய்ச்சியால் ஏற்கெனவே பேர் வாங்கியவர். 1824இல் அவரைப் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். அங்கே அவர் மேசைக்கு வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் சரியில்லை என்பது. நீலத்திலும் ஊதாவிலும் நெய்த திரைச்சீலைகளில் நிழலுக்குப் போட்ட கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறதாம். ஷெவ்ரல் மற்ற பட்டறைகளின் கறுப்பு நூலை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்லான் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை நெஞ்சில் தைக்கும். பக் ரிப்போர்ட் ஒரு மாட்யூலின் மேல் வரும். அந்த மாட்யூலில் ஒன்றும் இருக்காது. அது பேசிக்கொண்டிருக்கும் பக்கத்து மாட்யூலில் இருக்கும்.

இதைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து 1839இல் அவர் வெளியிட்ட பெரிய நூலின் சாரம்: ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மீது ஏற்றுகிறது. பச்சைத் துணிக்குப் பக்கத்தில் முகம் கொஞ்சம் சிவக்கும். வெளிறிய முகத்துக்குப் பச்சை நல்லது என்பதும், ஏற்கெனவே ரோஜா நிற முகத்துக்குப் பக்கத்தில் ரோஜா நிறத் துணி வைத்தால் முகத்தின் பொலிவு குறையும் என்பதும் இதிலிருந்து வருகின்றன. ஆமாம், அந்த நூலிலேயே பெண்களின் உடைக்கு ஒரு பகுதி இருக்கிறது. பொன்முடிக்கு வான நீலம், ஏனென்றால் பொன்முடியின் அடியில் இருப்பது ஆரஞ்சு, ஆரஞ்சின் எதிர் நீலம். கருமுடிக்கு?

மஞ்சள். ஆரஞ்சு கலந்த சிவப்பு.

கறுப்பின் மேல் அவற்றின் ஒளிர்வு தூக்கலாகத் தெரியும் என்பது ஒரு காரணம். அவை முடியின் மேல் ஏற்றும் எதிர்ச்சாயல்களான ஊதாவும் நீலப்பச்சையும் கறுப்புக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை என்பது இன்னொன்று. 141 வருஷம் கழித்து ஜாக்சன் கருமுடிக்காரர்களில் பெரும்பாலோரை வின்டருக்கு அனுப்பி, பொன்மஞ்சளையும் ஆரஞ்சையும் அங்கே தடை செய்கிறார். இருவருமே தங்களுடையது விஞ்ஞானம் என்று நம்புகிறவர்கள். ஒருவர் கொடுத்ததை மற்றவர் பிடுங்கியிருக்கிறார். நடுவில் என்ன நடந்தது?

நடுவில் யோஹானஸ் இட்டன் வந்தார். 1919 முதல் 1923 வரை பவ்ஹவுஸில் கற்பித்த ஓவியர். மாணவர்களுக்கு நிற இசைவுக்கான விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள் முகம் சுளித்தார்கள், எங்களுக்கு இது இசைவாகவே தெரியவில்லை என்றார்கள். சரி, ஆளாளுக்கு உங்களுக்கு எது இசைவோ அதை வரையுங்கள் என்று விட்டுப் பார்த்தால், ஒவ்வொருவரும் வேறு வேறு நிறக்கூட்டம் வரைந்திருந்தார்கள். அவரவர் வரைந்தது அவரவர் முடி, கண், தோலின் சாயலில், அவரவர் சுபாவத்தின் சாயலில் இருப்பதாக இட்டனுக்குப் பட்டது. 1961இல் வந்த தன் பெரிய நூலில் இதை எழுதுகிறார். அதே நூலில் நான்கு பருவங்களின் நிறக்கூட்டங்களையும் பேசுகிறார், ஆனால் அது ஓவியனுக்கான பாடமாக. அழகான கவனிப்பு, ஒரு ஆசிரியருக்கு வாய்க்க வேண்டிய பணிவு. ஆனால் இங்கேதான் தண்டவாளம் மாறுகிறது. ஷெவ்ரலுக்கு நிறம் என்பது இரண்டு பொருட்களுக்கு நடுவில் நடக்கும் சம்பவம். இட்டனுக்குப் பிறகு அது ஒரு ஆளுக்குள் இருக்கும் தன்மையாகிவிட்டது. கலிபோர்னியாவில் தொப்பி செய்துகொண்டிருந்த சுசான் கேகில் பருவங்களையும் ஆட்களையும் இணைத்தார். அவராவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிறம் எடுத்தார். ஜாக்சன் அதைப் புத்தகமாக அச்சிட்டு எல்லாருக்கும் விற்கும்படி ஆக்க வேண்டியிருந்தது. அச்சிட வேண்டுமென்றால் வகைகள் குறைவாக இருக்க வேண்டும். நான்கு வகை, நான்கு அட்டை.

நான் பிழைப்புக்குச் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான் என்பதால் சொல்கிறேன்: ஒரு வகைப்படுத்தலின் யோக்கியதையைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் 'எல்ஸ்' கிளையைப் பாருங்கள். எந்த நிபந்தனையிலும் அடங்காததெல்லாம் கொட்டப்படும் இடம். ஜாக்சனின் ஸ்ப்ரிங்கில் பொன்முடியின் எத்தனை நுணுக்கங்கள்! தேன் நிறம், வைக்கோல் நிறம், ஸ்ட்ராபெரி கலந்தது. சம்மரில் சாம்பல் பூத்த பழுப்பு, எலி நிறம் என்று சொல்லப்படுவது, எல்லாம் உண்டு. வின்டருக்கு வந்தால்? வெள்ளைத் தோலும் கறுப்பு முடியும் கொண்ட பிரூனெட் இருக்கிறார். அவரோடு ஆசியர்களில் பெரும்பாலோர். கறுப்பினத்தவரில் பெரும்பாலோர். உலகத்தில் பாதிக்கு மேல் ஒரே அட்டைக்குள். விதிவிலக்குகள் உண்டு என்று அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் விதி அங்கேயும் விதிவிலக்கு இங்கேயும் என்றால் அது எழுதியவர் யாரை நிறைய பார்த்திருக்கிறார் என்பதன் கணக்குதான்.

பின்னால் வந்தவர்கள் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஆல்பர்ட் மன்செல் என்ற ஓவியர் 1905லேயே நிறத்தை மூன்று அளவாகப் பிரித்திருந்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. அதைக் கொண்டுவந்து நான்கைப் பன்னிரண்டாக்கினார்கள். டீப், லைட், சாஃப்ட், க்ளியர். முன்னேற்றம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெள்ளைத் தோல் பிரூனெட்டையும் நம்மையும் ஒரே அட்டையில் வைத்தால் எது தொலைகிறது? சும்மா ஒரு கணக்குக்கு வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளப்போம். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் மாதிரி ஒரு பெண்ணின் முடி 15, தோல் 75 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 60. மாநிறத்துத் தமிழ்ப் பெண்ணின் முடி 12, தோல் 45 என்றால் இடைவெளி 33. இரண்டும் கருங்கூந்தல்தான். முதல் பெண்ணின் முகத்திலேயே கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. அதனால் அவர் கறுப்பும் தூய வெள்ளையுமாக உடுத்தினால் முகத்தில் உள்ளதையே உடை திரும்பச் சொல்கிறது, பொருந்துகிறது. இரண்டாமவரின் முகத்தில் இருப்பது பழுப்பின் ஆழங்கள். அவருக்குத் தூய வெள்ளை பொருந்தாது என்றில்லை. பிரமாதமாக இருக்கும். ஆனால் அது முற்றிலும் வேறு காரணத்தால். அங்கே உடை முகத்தைத் திரும்பச் சொல்லவில்லை, எதிர்த்துப் பேசுகிறது. விதி ஒன்றாகத் தெரிகிறது, வேலை செய்யும் விதம் வேறு. காரணம் தெரியாமல் விதியை மட்டும் வாங்கினால் அடுத்த நிறத்தில் தடுமாறுவோம்.

'பிரூனெட்டுக்கு ஜூவல் டோன்' என்று எல்லா அழகுக் குறிப்பிலும் வரும். மரகதம், மாணிக்கம், நீலக்கல். இந்தக் குறிப்பு ஏன் தோற்பதே இல்லை தெரியுமா? முடி இருட்டு, தோல் அதைவிட வெளிச்சம், ஆனால் இரண்டுமே செறிவு குறைந்தவை. செறிவான எந்த நிறமும் இரண்டிலிருந்தும் விலகி நிற்கும். இதில் மரகதத்துக்குத் தனி மகிமை ஒன்றும் இல்லை. செறிவான மஞ்சளும் அதையே செய்யும், ஷெவ்ரல் சொன்னது அதுதான். காஞ்சிபுரத்தில் அரக்குக்குப் பச்சை பார்டரும், மாம்பழ மஞ்சளுக்குக் குங்குமச் சிவப்பு பார்டரும் கோர்த்து நெய்தவர்கள் ஷெவ்ரலைப் படித்தவர்கள் இல்லை, ஆனால் அவரும் அவர்களும் ஒரே தொழில். இன்னொன்றும் உண்டு. மயில்கழுத்து என்று நாம் சொல்லும் நிறம் ஒற்றை நிறமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நடக்கும்போது நீலம், திரும்பும்போது பச்சை. ஜாக்சனின் 30 சதுரங்களில் இதை எந்தச் சதுரத்தில் வைப்பது? அவர் துணி என்று நினைத்தது சாயம் தோய்த்த ஒரே நிறத் துணியை.

மேக்கப் பக்கத்தில் இதைவிட மோசமான ஒரு விஷயம் நடந்தது, அதற்குப் பருவமும் பொறுப்பில்லை, அழகியலும் பொறுப்பில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளை நிறமி. ஃபவுண்டேஷனுக்கும் வெளிர் லிப்ஸ்டிக்குக்கும் உடம்பு கொடுப்பது பெரும்பாலும் அதுதான். வெளிர்தோலுக்காகச் செய்த கலவையில் கொஞ்சம் பழுப்பு கூட்டி 'டார்க்' என்று விற்றால், மாநிறத்தில் அது சாம்பல் பூத்துத் தெரியும். நியூட் லிப்ஸ்டிக் போட்டுக் காய்ச்சல்காரி மாதிரி வந்து நின்ற தோழிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் தப்பான பருவத்தில் இல்லை. 'நியூட்' என்று பெயரிட்டவருக்கு ஒரே ஒரு தோல்தான் தோல். 2017இல் ரிஹானாவின் ஃபென்டி ஒரே நாளில் 40 சாயல்களோடு வந்தபோது இது வணிகச் செய்தியாகவும் பேசப்பட்டது. அடர்ந்த சாயல்கள் முதலில் தீர்ந்துபோனதாகச் செய்திகள் வந்தன. வாங்க ஆள் இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யாரும் விளக்கம் கொடுத்ததாக நினைவில்லை.

என் டீமில் ஒரு பெண். கெட்டிக்காரி, கோட் ரிவ்யூவில் அவளிடம் தப்பிக்க முடியாது. ஆன்லைனில் காசு கட்டி ஐந்து செல்ஃபி அனுப்பி, பதிலுக்கு வின்டர் என்று ஒரு பிடிஎஃப் வாங்கிவைத்திருந்தாள். பீரோவைப் பிரித்துப்போட்டு, பட்டியலில் இல்லாததையெல்லாம் ஒரு பையில் கட்டினாளாம். அதில் அவள் அம்மாவின் அரக்குப் பட்டும் ஒன்று. "ஏன்டி, இருபத்தெட்டு வருஷமா இந்தக் கலரைக் கட்டிக்கிட்டு நானும் மூஞ்சியோடதானடி இருந்தேன்?" என்று அம்மா கேட்டதை அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை.

செல்ஃபிகளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு, ட்யூப்லைட் கீழே. ஒன்று, மஞ்சள் சுவர் முன்னால். மொபைல் கேமரா எடுப்பதை அப்படியே காட்டுவதில்லை. இந்தக் காட்சியில் வெள்ளை எது என்று முதலில் ஒரு ஊகம் செய்கிறது, பிறகு அந்த ஊகத்துக்கு ஏற்ப எல்லா நிறத்தையும் தள்ளுகிறது. மஞ்சள் சுவர் நிறைய இருந்தால், வெளிச்சமே மஞ்சள் போல என்று நினைத்து எல்லாவற்றிலும் நீலத்தைக் கூட்டலாம். அப்போது முகமும் நீலப்பக்கம் நகரும். நீல அடிச்சாயல், ஆகவே வின்டர்! 2015 பிப்ரவரியில் ஒரு கவுன் படத்தை வைத்து நீலம் கறுப்பா, வெள்ளை தங்கமா என்று உலகமே சண்டை போட்டதே, அங்கே மனித மூளைகள் செய்த ஊகத்தைத்தான் இங்கே மொபைல் செய்கிறது. போதாததற்கு அழகூட்டும் வசதி தானாகவே தோலை வெளுப்பாக்கியும் இருந்தது. அவள் பார்த்தேயிராத ஒரு முகத்துக்கு நிறம் பார்த்துக் கொடுத்திருந்தார்கள்.

'வெர்டிகோ' பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். 1958, ஹிட்ச்காக். பழுப்பு முடி ஜூடியை, செத்துப்போன ப்ளாண்ட் மாதலினாக மாற்றத் துடிக்கிறான் நாயகன். கடை கடையாகக் கூட்டிப்போகிறான். அதே சாம்பல் சூட் வேண்டும். விற்பனைப் பெண் காட்டும் மற்றவையெல்லாம் அழகானவை, ஜூடிக்குப் பிடித்தும் இருக்கிறது. அவனுக்கு வேண்டாம். சாம்பல் ஒரு ப்ளாண்டின் மேல் மூடுபனி மாதிரி இருக்க வேண்டும் என்பது ஹிட்ச்காக்கின் திட்டம், தைத்தவர் ஈடித் ஹெட், போட்டுக்கொள்ள மறுப்பு சொன்னவர் கிம் நோவாக். ஜூடியாக அவர் முதலில் வரும்போது பச்சை உடையில் வருகிறார். முகத்துக்குப் பச்சை என்ன செய்யும் என்று ஷெவ்ரல் சொன்னதைத் திரையில் பார்க்கலாம், அந்தப் படத்திலேயே அவர் அதிகம் உயிரோடு இருப்பது அப்போதுதான். முடி ப்ளாண்ட் ஆனபிறகும் நாயகனுக்குப் போதவில்லை, கொண்டையாகத் தூக்கிச் செருகச் சொல்கிறான். 'உனக்கு எது எடுக்கும்' என்று ஒருவர் சொல்லும்போது, யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வியை அந்தப் படம்போல வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை. பிடிஎஃப் அனுப்பியவர்கள் ஹிட்ச்காக் அளவுக்குக் கொடியவர்கள் இல்லைதான்.

ஒரு சனிக்கிழமை ரிலீஸ் வேலைக்காக அலுவலகம் வந்தபோது அவள் அந்தப் பையையும் கொண்டுவந்தாள். கிழக்கு ஜன்னல், பதினொரு மணி, விளக்குகளை அணைத்துவிட்டோம். ஜாக்சன் சொன்னபடியே. சுத்த வெள்ளைத் துப்பட்டா: முகம் கூர்மையாகத் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையமும் கூர்மையாகத் தெரிந்தது. எமரால்டு பச்சை: சந்தேகமே இல்லை, நன்றாக இருந்தது, பிடிஎஃப் அதில் ஜெயித்தது. ஐஸ் பிங்க் தோற்றது, அதுவும் பட்டியலில் உள்ளதுதான். கடுகு மஞ்சள் குர்த்தா, தடை செய்யப்பட்டது, பச்சைக்குச் சமமாக நின்றது. அரக்குப் பட்டின் உடலை மட்டும் கன்னத்துக்குக் கீழே பிடித்தபோது முகம் கொஞ்சம் அடங்கியது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் புடவையை யாரும் அப்படி உடுத்துவதில்லை. முந்தானையைத் தோளில் ஏற்றி, ஜரிகை பார்டர் கழுத்தோரம் வந்ததும் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து ஏறியது. இரண்டு பேருமே கொஞ்சநேரம் பேசாமல் கண்ணாடியைப் பார்த்தோம். "தங்கம் வேணாம்னு போட்ருக்கான்" என்றாள்.

புடவை பீரோவுக்குத் திரும்பிவிட்டது. ஐஸ் பிங்க் டாப் யாருக்கோ போய்விட்டது. இப்போது அவளுக்கு முடிதான் யோசனை. சாம்பல் பழுப்பு வேண்டுமாம், கொரிய நடிகை ஒருத்தியின் படத்தை வைத்திருக்கிறாள். சாயம் கறுப்பை வெளுக்க வைக்காது, முதலில் ப்ளீச் பண்ண வேண்டும். ப்ளீச்சில் கறுப்பு முடி நேராகப் பழுப்புக்குப் போகாது. சிவப்பாகும், ஆரஞ்சாகும், பிறகு மஞ்சளாகும், அதற்கு மேல்தான் சாம்பல் சாயலை ஏற்ற முடியும் என்று அவளுடைய பார்லர் அக்கா விளக்கியிருக்கிறார். டப்பாவின் மேல் இருக்கும் படம் அந்தக் கடைசிக் கட்டத்துப் படம். இரண்டு தடவை ப்ளீச் பண்ணணும், நுனி எல்லாம் வைக்கோல் மாதிரி ஆயிரும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது என்றாராம். மருதாணி போட்டால் வெயிலில் மட்டும் ஒரு சிவப்பு அடிக்கும், வேண்டுமானால் அது போட்டுவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குள் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.